போலாம் என்று சொல்லும் வரை

சின்னசாமி நாயை அடிக்கிற நேரத்தில் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் டிவி சத்தம் ஏறும். ஒர்க்ஷாப் சங்கு ஊதி, ஆண்கள் வீடு திரும்பி, டீ குடிக்கிற நேரம் அது. தெலுங்கு சீரியல் ஓடுகிற வீட்டில் தெலுங்கு, தமிழ் ஓடுகிற வீட்டில் தமிழ். என் வீட்டு டிவியும் அதில் சேர்த்தி. ஜேசுராஜ் வீட்டில் மட்டும் டிவி கிடையாது. மகன் ஹோமுக்குப் போன அன்றைக்கே அவன் அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். சின்னசாமி வீட்டுக்கு நேர் எதிர் வீடு அது. அதனால் ஜேசுராஜின் பெண்டாட்டி ஸ்டெல்லா ஒவ்வொரு அடியையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடி வாங்குகிற நாய் கத்தும், ஓடும், முடிந்தால் திரும்பிக் கடிக்கும். இந்த நாய் மூன்றும் செய்யாது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அப்படி உட்காரக் கற்றுக்கொடுத்தது ஸ்டெல்லாவின் மகன் பிளஸ்ஸன்.

இதைச் சொல்வதென்றால் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்களுடையது செகந்திராபாத்தில், மெட்டுகுடாவைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எதிரே அதே மாதிரி இன்னொரு வரிசை, நடுவில் ஒரு ஆட்டோ நுழையும் அகலத்துக்குத் தெரு. இதைத்தான் லைன் என்போம். ஜேசுராஜ் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஸ்டெல்லா நாசரேத் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், இத்தனை வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சை விடாதவள். சின்னசாமிக்குச் சொந்த ஊர் ஜோலார்பேட்டை. யார்டில் வாட்ச்மேன். பிள்ளை இல்லை. அவர் மனைவி அன்னக்கிளிதான் பிளஸ்ஸனைத் தூக்கி வளர்த்தாள் என்றே சொல்லலாம். சம்பள நாளில் சின்னசாமி அவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஜிலேபி வாங்கப் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பிளஸ்ஸன்தான், மீசை அரும்பிய வயதில், ராகேஷ் என்கிற இன்னொரு பையனோடு சேர்ந்து ஒரு விடியற்காலையில் யார்டுக்குள் செம்புக் கம்பி வெட்டப் போனான். டார்ச் அடித்துப் பார்த்த சின்னசாமி, விசில் ஊதவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். பேர் காதில் விழுந்ததும் பையன் பயந்து தண்டவாளத்து ஜல்லிக்கல் ஒன்றை எடுத்து எறிந்தான். கல் இடது கண்ணில் பட்டது. நான் ரயில்வே ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயம் கட்டுவதுதான் என் வேலை. அந்தக் கண்குழியைத் துடைத்துப் பஞ்சு வைத்தது இந்தக் கைதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு காயத்தை நான் பார்த்ததில்லை.

ராகேஷ் ஓடிப்போனான். பிளஸ்ஸனை ஜேசுராஜே சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் போலீசில் விட்டான். ஊரின் மறுகோடியில் இருக்கிற பையன்கள் ஹோமில் போட்டார்கள். அதற்குப் பிறகு ஜேசுராஜ் மகனைப் பார்க்க ஒருமுறைகூடப் போகவில்லை. ஸ்டெல்லாவுக்குத் துணையாக நான்தான் போவேன்.

ஹோமில் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். தெரிந்தும் ஸ்டெல்லா ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை சாதமும் கறி வறுவலும் கட்டிக்கொண்டு வருவாள். வாசலில் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது கொடுப்பார்கள். பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு ஏப்ரல் மாதம், தார் ரோடு காலில் ஒட்டுகிற வெயிலில் போனபோது, எங்களை வழக்கமான அறையில் உட்காரவைக்காமல் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். அங்கே பையன்கள் ஆளுக்கொரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அல்வால் பக்கம் நாய்க் காப்பகம் நடத்துகிற பத்மஜா என்ற அம்மாள் கொண்டுவந்த ஏற்பாடு அது. யாரும் எடுத்து வளர்க்க முன்வராத தெரு நாய்களை இங்கே விடுவார்கள். பையன்கள் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி, கோழித்தலையும் சோறும் வேகவைத்துப் போட்டு, சொன்ன பேச்சு கேட்கப் பழக்க வேண்டும். பழகிய நாயை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். நாயை அடித்தால் அந்தப் பையனை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது கண்டிப்பான விதி. பையன்களை அடிப்பது பற்றி அப்படி ஒரு விதி இருந்ததாகத் தெரியவில்லை. பிளஸ்ஸனின் முதுகில் பெல்ட் தடிப்பை நானே பார்த்தேன். காயம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதனால் வந்தது என்று கேட்கத் தேவையில்லை.

அவனுக்குக் கிடைத்தது செவலை நிறத்தில் ஒரு காது கிழிந்த நாய். ஆட்டோ ஏறிப் பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். லட்டு என்று பேர் வைத்திருந்தான்.

"உக்காரு" என்றான். உட்கார்ந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மரத்தைச் சுற்றி எங்கேயோ போனான். மற்ற நாய்கள் குரைத்தன. ஒரு பையன் கோழிக்காலை மூக்குக்கு நேரே ஆட்டினான். லட்டு எச்சில் ஒழுக உட்கார்ந்தே இருந்தது. பிளஸ்ஸன் திரும்பி வந்து, "போலாம்" என்றான். ஒரே பாய்ச்சலில் அவன் நெஞ்சில் ஏறியது.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாய் செய்ததற்காக இல்லை. அவள் மகன் வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டான். அவள் தமிழில் கேட்பாள், அவன் இந்தியில் பதில் சொல்வான். எங்கள் லைன் பிள்ளைகள் முக்கால்வாசி அப்படித்தான்.

"எல, பெத்தவகிட்ட பேசமாட்டிய, நாய்கிட்ட பேசுதியே!"

"கைக்கு ரோ ரே மம்மி?" என்று சிரித்தான். ஏன் அழுகிறாய் என்பதும் அவனுக்கு இந்தியில்தான் வந்தது.

பிறகு அவனே இந்தியில் விளக்கினான். எல்லாப் பையன்களும் சிட், ஸ்டே என்று கத்துகிறார்கள். எந்த நாய்க்கு எவன் சொல்கிறான் என்று தெரியாமல் நாய்கள் குழம்பிப்போகின்றன. தமிழ் இங்கே வேறு எவனுக்கும் தெரியாது. அதனால் லட்டு அவன் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

"அது என்னடா போலாம்?" என்று கேட்டேன்.

"சர்ச்மே மம்மி போல்தி நா ஆன்ட்டி, வஹிச்."

சர்ச்சில் அம்மா சொல்வாளே, அதேதான் என்றான். எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் அவனைச் சர்ச்சில் பாயில் உட்காரவைத்து, தொடைக்குப் பக்கத்தில் கிள்ளுவதற்குக் கையைத் தயாராக வைத்திருப்பாள் ஸ்டெல்லா. பிரசங்கம் முடிந்து, ஜெபம் முடிந்து, ஆசீர்வாதம் முடிந்து, அவள் 'போலாம்' என்று சொன்னால்தான் பிள்ளை எழுந்திருக்கலாம். அவள் கிள்ளல் எங்கள் சபையில் பிரசித்தம்.

"லேகின் மை நை கிள்தா மம்மி" என்றான். நான் கிள்ளுவதில்லை என்று சொல்லிவிட்டுக் கால்சட்டைப் பையிலிருந்து உடைந்த பிஸ்கட்டை எடுத்து நாய்க்குக் கொடுத்தான். ஸ்டெல்லா அவன் தலையைத் தடவினாள். விட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

அவன் நடத்தை நன்றாக இருக்கிறது, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஹோமில் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன் புரொபேஷன் ஆபீசர் லைனுக்கு வந்து விசாரிப்பார். அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் இருந்தால், முக்கியமாகக் கண்ணை இழந்தவருக்கு ஆட்சேபம் இருந்தால், பையன் வீட்டுக்கு வர முடியாது. ஹோமில் இருக்கிற வயது முடிந்ததும் வேறு ஊரில் ஏதாவது விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். ஜேசுராஜ் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "சாமி அண்ணன் வரட்டும்னு சொன்னா வரட்டும். இல்லேன்னா எனக்கு மகனே இல்ல."

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவுக்கு அந்த யோசனை வந்தது. என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, சர்ச்ல அறுப்பின் பண்டிகைக்குக் கோழி கட்டுதோம், ஆடு கட்டுதோம். ஏன் கட்டுதோம்? உசுருள்ளதக் குடுத்தாத்தான் அது காணிக்க. காசு பணம் குடுத்தா அது சந்தா. நான் அந்த நாய அண்ணாச்சிக்குக் குடுக்கப் போறேன்."

"யாருக்கு? சின்னசாமிக்கா? நக்கோ ஸ்டெல்லா, வேணாம்."

"ஏன்க்கா?"

"காணிக்கை ஆண்டவருக்குக் குடுக்கறது. இந்தாளு பேர்ல மட்டும்தான் சாமி இருக்கு."

"நீங்க வெளாடாதீங்க. எம்மவன் கையால வளத்த உசுரு. அத அவரு ஏத்துக்கிட்டாருன்னா எம்மவன ஏத்துக்கிட்ட மாதிரி. குடுத்தப் பெறவு நாம அதத் திரும்பக் கேக்கவும் கூடாது. கேட்டா காணிக்க செல்லாது."

பைத்தியக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது?

அன்று சாயங்காலமே போனோம். அன்னக்கிளி முறத்தில் கோங்கூராக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். யார்டு டியூட்டி போய்விட்டது. ஆபீஸ் வாசலில் பெஞ்ச் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கி வரச் சொல்கிறார்கள். லத்தி பிடித்த ஆளுக்கு அது எப்படி இருக்கும்!

"வா ஸ்டெல்லாம்மா. குந்து."

"அண்ணாச்சி, எம்மவன் ஹோம்ல ஒரு நாய் வளத்துருக்கான். சொன்ன சொல் கேக்குது. அத உங்களுக்குக் குடுக்கணும்னு ஆச."

"ஒரு கண்ணுக்கு ஒரு நாயா?"

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி."

"பின்ன இன்னா சொல்றது? நான் அவன இன்னா பண்ணேன்? சொல்லு. விசில் ஊதனனா? லத்தியத் தூக்கனனா? டேய் பிளஸ்ஸா, வூட்டுக்குப் போடான்னேன். அவ்ளோதான் சொன்னேன். வூட்டுக்குப் போய்ட்ருந்தா நான் ஒர்த்தர் கிட்டயும் சொல்லிருக்க மாட்டேன். ஒங்கிட்ட கூட சொல்லிருக்க மாட்டேன். பேர்சொல்லிக் கூப்ட்டதுக்குக் கல்லு."

ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் இன்னும் சின்னப்பய அண்ணாச்சி" என்றாள்.

"எனக்கும் சின்ன வேலதான் குட்த்துக்கிறாங்க. டீ வாங்கியாற வேல."

அன்னக்கிளிதான் பேச்சை மாற்றினாள். "குடுக்கட்டுமே, வாங்கிக்கயேன். எதுத்தாப்ல ஆளு வந்தா தெர்ல ஒனக்கு. அந்த எடது பக்கம் போய் மோதிக்கினு நிக்கற. நாய் கூட வந்தா நல்லதுதானே."

சின்னசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கடைசியில், "சரி, குடு" என்றார். ஸ்டெல்லா எழுந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஜூனில் முதல் மழை பெய்து ஹோம் மைதானம் சேறாகக் கிடந்த நாளில் நாய்களைக் கொடுத்தார்கள். ஷாமியானா கட்டியிருந்தது. பத்மஜா அம்மாளுக்குச் சின்னசாமியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கண்ணை இழந்தவரே அந்தப் பையன் வளர்த்த நாயை வாங்க வந்திருக்கிறார் என்று மைக்கில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். சின்னசாமி, பிளஸ்ஸன், ஸ்டெல்லா மூன்று பேரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள், நாயையும் சேர்த்து.

பிளஸ்ஸன் சின்னசாமியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "ஸாரி அங்கிள்" என்று நாயிடம் சொல்வதுபோலக் குனிந்து சொன்னான். சின்னசாமி நாயைக் காட்டிக் கேட்டார்:

"உக்காருன்னா உக்காரும். எந்திரிக்கறது எப்டி?"

நீங்கள் போலாம் என்று சொன்னால்தான் எழுந்திருக்கும், அதுவரை எத்தனை நேரம் ஆனாலும் எழுந்திருக்காது என்று பையன் இந்தியில் சொன்னான். ரொம்ப நேரம் உட்காரவைக்க வேண்டாம் அங்கிள், பின்னங்கால் வலிக்கும் என்றும் சொன்னான். சின்னசாமி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கயிற்றை வாங்கிக்கொண்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது ஸ்டெல்லா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். நாய் பின்பக்கத் துணியில் இருந்த கிழிசல் வழியாக ஹோமையே பார்த்துக்கொண்டு வந்தது.

மழைக்காலம் முழுக்கச் சின்னசாமி அந்த நாயை நன்றாகத்தான் வைத்திருந்தார். அதை மறைக்கக் கூடாது. காலையில் கூட்டிக்கொண்டு நடப்பார். அன்னக்கிளி கோழிக்கடையில் கழிவு வாங்கி மஞ்சள் போட்டு வேகவைப்பாள். நாய் அவருடைய இடது பக்கமாகவே நடக்கும். எதிரே சைக்கிள் வந்தால் அவர் காலில் உடம்பை அழுத்தும். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்டெல்லா ஜன்னலில் நின்று அதைப் பார்த்துப் பூரித்துப்போவாள்.

அப்புறம் ஒருநாள் ஆபீசில் டீ ஊற்றும்போது சின்னசாமி கப்புக்கு வெளியே ஊற்றிவிட்டார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. டீ புதிதாக வந்த ஒரு கிளார்க்கின் பேண்ட்டில் கொட்டியது. அந்தப் பையன் கெட்ட வார்த்தை சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் தெருவில் நின்று, "உக்காரு" என்றார். லட்டு வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பழைய லத்தியை எடுத்து அதன் முதுகில் ஓர் அடி போட்டார்.

நாய் ஒடுங்கியது. ஒரு முனகல். எழுந்திருக்கவில்லை. இன்னொரு அடி போட்டார். காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டன. அவர் முகத்தையே பார்த்தது, அந்த ஒரு வார்த்தைக்காக.

"அன்னக்கிளி, இங்க வா. அசையல பாரு" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சங்கு ஊதி வீட்டுக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிடுவார். கட்டிப்போட்டு அடிக்கிறவன் கோழை என்பார். வெறும் தரையில் உட்காரவைத்து அடிப்பார். முடிந்ததும் "போலாம்" என்பார். அது நொண்டிக்கொண்டு போய் அவர் வைக்கிற சோற்றைத் தின்னும். அவர் கையையே நக்கும். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஸ்டெல்லா பொறுக்கமாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, அது என்ன பாவம் செஞ்சுது? என்னைய அடிங்க."

"ஒன்ன ஏன் அடிக்கணும்? நீ இன்னா பண்ண?"

"வாயில்லாத உசுரு அண்ணாச்சி."

"ஒம்மவன் எவ்ளோ நல்லா சொல்லிக் குட்த்துக்கிறான் பாரு. எனக்கு ஒரு புள்ள இருந்தா கூட இப்டி அடங்கிக் கெடக்காது." லத்தியைக் கீழே ஊன்றினார். "ஸ்டெல்லாம்மா, ஒன்னு சொல்றேன் கேட்டுக்கோ. எந்திரிக்கற சொல்லு எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். என்னிக்கு ஒஞ்சொல்லுக்கு இது எந்திரிக்குதோ, அன்னிக்கு ஆபீசர் கிட்ட நான் வேற மாதிரி பேசுவேன். இது குந்திக்கினு கெடக்கற வரைக்கும் ஒம்மவனுக்கு வழி கீது."

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காணிக்கையைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று அவளே சொன்னதுதானே. அவள் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்த நேரம் வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். காதைப் பொத்தமாட்டாள். தன் வாய்தான் அவளுக்குப் பயம்.

நடுவில் பத்மஜா அம்மாள் ஒருமுறை பார்க்க வந்தாள். சின்னசாமி "உக்காரு" என்றதும் லட்டு உட்கார்ந்தது. எத்தனை அடக்கம் என்று அந்த அம்மாள் மெச்சிக்கொண்டாள். முதுகில் மயிர் உதிர்ந்து புண்ணாகியிருந்த இடத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள்.

"தெரு நாயிங்களோட சண்ட மேடம்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஆஸ்பத்திரி ஆள் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டெல்லா பின்னாலிருந்து என் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்தாள். கிள்ளவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள். கெஞ்சுகிற பிடி. நான் ஆயின்மென்ட் போடுகிறேன் மேடம் என்று சொன்னேன். போடவும் செய்தேன். மறுநாள் அதன் மேலேயே அடி விழுந்தது.

கிறிஸ்மஸ் முடிந்து ஆபீசர் வந்தார். ஒவ்வொரு வீடாகக் கேட்டார். கடைசியில் சின்னசாமி வாசலில் நின்றார். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம்.

"வரட்டும் சார்" என்றார் சின்னசாமி. "எங்க கண்ணு முன்னால வளந்த புள்ள."

ஆபீசர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களைப் போல ஆட்கள் இருப்பதால்தான் உலகம் நடக்கிறது என்றார். ஏதாவது தொந்தரவு என்றால் உடனே சொல்லுங்கள், திரும்ப அழைத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லா அன்று முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். கறி எடுக்கச் சொல்லி ஜேசுராஜிடம் பை கொடுத்தாள். டிவியைக்கூடத் துடைத்து மாட்டச் சொன்னாள். அவன் மாட்டவில்லை.

பனி இறங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம் ஜேசுராஜ் ஸ்கூட்டரில் மகனைக் கூட்டிவந்தான். சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. பையன் வளர்ந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஸ்டெல்லா வாசலுக்கு ஓடிவந்தாள். ஜேசுராஜ் வண்டி எஞ்சினை அணைக்காமலே எதிர் வீட்டைக் கையால் காட்டினான்.

"மொதல்ல அங்க போ. அப்பறம் வீட்டுக்குள்ள வா."

சின்னசாமி நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலி கழற்றியாகிவிட்டது. அன்னக்கிளி வாசற்படியில் இருந்தாள். பையனைப் பார்த்ததும் லட்டுவின் உடம்பு முழுக்க நடுங்கியது. அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பாதித் தெருவுக்கு ஓடிவிட்டது.

"உக்காரு" என்றார் சின்னசாமி.

நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. வால் மட்டும் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது. பிளஸ்ஸன் அதன் முதுகைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். அப்புறம் லத்தியைப் பார்த்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அங்கிள்" என்று குனிந்து அவர் காலைத் தொடப் போனான்.

"காலெல்லாம் வேணாம். நீயும் உக்காரு."

பையன் தெருவில், நாய்க்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதுகை நிமிர்த்தி, கையிரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஹோமில் வரிசையில் அப்படித்தான் உட்காருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். சின்னசாமி எழுந்து வந்தார். முதல் அடி நாய்க்கு. அது அவன் முகத்தைப் பார்த்தது. அவன் உதடு திறந்தது. ஜேசுராஜ் பின்னாலிருந்து, "வாயத் தொறந்தே, அப்படியே திரும்பக் கொண்டு போய் விட்ருவேன்" என்றான். உதடு மூடிக்கொண்டது. இரண்டாவது அடி பையனுக்கு, தோளில். அவன் அசையவில்லை. மூன்றாவது நாய்க்கு.

"போலாம்!"

ஸ்டெல்லாதான். இத்தனை மாதம் பொத்தி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அந்த ஒரு சொல் தெரு முழுக்கக் கேட்டது. நாய் துள்ளி எழுந்தது. நொண்டிக்கொண்டே ஓடி அவள் சேலைக்குள் தலையை நுழைத்தது.

பிளஸ்ஸன் எழவில்லை.

"எல, போலாம். எந்திரில" என்றாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை மெல்ல விடுவித்துத் திரும்பத் தொடைமேல் வைத்துக்கொண்டான். கண் சின்னசாமியின் முகத்தை விட்டு நகரவில்லை.

"நீ உள்ள போம்மா" என்றான், தமிழில். "அங்கிள் இன்னும் சொல்லல."

நாய் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய், யாரும் சொல்லாமலே, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சின்னசாமி லத்தியைக் கை மாற்றிப் பிடித்தார். வாசற்படியில் இருந்த அன்னக்கிளி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். டிவி சத்தம் ஏறியது.